கத்தாலா: பிலிப்பைன்ஸ் காக்கட்டூ எத்தனை மிச்சம்? கேள்வி பதில்

காக்கட்டூ கொண்டையுள்ள ஒரு கிளி இனம். பிலிப்பைன்ஸ் தீவுகளில் மட்டும் வாழும் வெள்ளைக் காக்கட்டூவுக்கு அங்கே கத்தாலா என்று பெயர். வால் அடியில் சிவப்பு இறகு இருந்தால் இதுதான்.

கே: சார், நிலைமை எவ்வளவு மோசம்?

ப: பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்'. காட்டில் 650 முதல் 1,120 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பகுதி பலாவான் தீவிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும்தான்.

கே: காடு அழிந்ததுதானே காரணம்?

ப: பாதிக் காரணம். காக்கட்டூவால் மரத்தைக் குடைய முடியாது. இயற்கையாக உண்டான பொந்துதான் வேண்டும். அப்படிப் பொந்து விழுவது வயதான பெருமரத்தில். சதுப்புக்காடும் தாழ்நிலக் காடும் போனபோது அந்த மரங்களும் போயின. மீதிக் காரணம் குஞ்சுத் திருட்டு. ஒரே பொந்துக்கு ஜோடி ஆண்டுதோறும் திரும்பி வரும். பொந்தை ஒருமுறை அடையாளம் கண்டவனுக்கு வருடா வருடம் அறுவடை. பெரிய பறவைகள் நெடுநாள் வாழ்வதால் கூட்டம் குறையாததுபோல் தெரியும். திடீரென ஒருநாள் எல்லாமே கிழடாகியிருக்கும்.

கே: எங்காவது எண்ணிக்கை ஏறியிருக்கிறதா?

ப: ராசா தீவில். பலாவானின் நாரா ஊருக்கு எதிரே உள்ள சிறு தீவு. 1998-இல் அங்கே சுமார் 25 பறவைகள்தான். பிறகு 200-ஐத் தாண்டியது. இந்தப் பறவையைக் காக்கும் கத்தாலா அறக்கட்டளை செய்தது எளிய வேலை: பொந்து எங்கே என்று அறிந்த பழைய குஞ்சுத் திருடர்களையே சம்பளம் கொடுத்துக் காவலர்களாக்கியது. முட்டையிடுவதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை அவர்கள் பொந்துகளைக் கண்காணிக்கிறார்கள். அடைகாப்பு ஏறத்தாழ 4 வாரம், அதன்பின் குஞ்சு பொந்தைவிட்டு வர ஒன்பது வாரமளவு. எந்த வாரம் காவல் தளர்ந்தாலும் அந்த ஆண்டு அந்த ஜோடிக்கு வீண்.

கே: காவல் போட்டால் போதுமா, அண்ணா?

ப: போதாது. தீவு நிறைந்ததும் அடுத்த முட்டுக்கட்டை தீனி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளின் வறட்சியில் மரங்கள் காய்ப்பதில்லை. குஞ்சுகள் பொந்துக்குள்ளேயே பட்டினியில் சாகும். மெலிந்த குஞ்சுகளை இறக்கிக் கையால் ஊட்டி வளர்த்ததுண்டு. இந்தப் பறவைக்குப் பிடித்த தீனிகளில் ஒன்று நம் முருங்கை. அங்கே மலுங்காய் என்பார்கள். முற்றிய காயைப் பிளந்து விதையைத் தின்னும். கரையோர ஊர்களில் அதை நட்டால் தீனிப் பஞ்சம் கொஞ்சம் தணியும். ஆனால் சோளக்கொல்லையில் இறங்கினால் விவசாயி சும்மா விடமாட்டார். ஆகவே நடும் இடம் வயலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

கே: 200 என்று எப்படி எண்ணுகிறார்கள்?

ப: மாலையில், அடையும் இடத்தில். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி முன்பே பல முனைகளில் ஆட்கள் நிற்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரம், எண்ணிக்கை, பறந்த திசை மூன்றையும் குறிக்க வேண்டும். நேரம் குறிக்காவிட்டால் ஒரே கூட்டத்தை இரண்டு பேர் எண்ணிவிடுவார்கள். திரும்பிப் பறந்ததைக் கழிக்க வேண்டும். அடைகாக்கும் மாதங்களில் ஒரு பெற்றோர் பொந்திலேயே தங்கிவிடும் என்பதால் கணக்கு குறையும். குஞ்சு பறந்தபின் உயரும். ஒரு மாதத்தின் கணக்கை அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிடலாம்.

கே: வீட்டில் வளர்த்தவற்றைக் காட்டில் விட்டால் எண்ணிக்கை கூடாதா?

ப: அவசரப்பட்டால் ஆபத்து. அலகு-இறகு நோய் என்றொரு வைரஸ் நோய் கூண்டுப் பறவைகளிடம் உண்டு. வெளியே நலமாகத் தெரிகிற பறவையும் அதைச் சுமக்கலாம். சோதிக்காமல் ஒன்றை விட்டு, இருக்கும் 200-ஐயும் பணயம் வைப்பதா?

கே: சென்னையில் ஒருவர் ஜோடி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ப: 1992 முதல் இது சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, காட்டில் பிடித்ததை வணிகம் செய்யக்கூடாது. இந்தியாவிலும் 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின்படி இத்தகைய பறவையை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். இனப்பெருக்கம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். காலில் வெட்டில்லாத முழு வளையம் இருக்கிறதா பாருங்கள். பறவை சிறு குஞ்சாக இருக்கும்போதுதான் அந்த வளையம் காலில் ஏறும், ஆகவே அது கூண்டில் பிறந்ததற்கு ஓர் அடையாளம். "பேப்பர் அப்புறம் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.