'இன்எஃபிகசி' (inefficacy, பலன் தராமை): வன்னி வாசகர் கேள்விகளுக்கு ஆங்கில ரீச்சரின் பதில்கள்

கிளிநொச்சி, உயர்தர மாணவன்: ரீச்சர், 'இன்எஃபிகசி', 'இன்எஃபிஷியன்சி' இரண்டும் ஒன்றா?

இல்லை தம்பி. வணிகக்கல்விப் புத்தகத்தில் வினைத்திறன் (வீணாக்காமல் வேலை செய்வது), விளைதிறன் (நினைத்த பலனைத் தருவது) என்று இரண்டு படித்திருப்பீர். வினைத்திறன் இல்லாவிட்டால் இன்எஃபிஷியன்சி. விளைதிறன் இல்லாவிட்டால் இன்எஃபிகசி. வாய்க்காலில் பாதித் தண்ணீர் கசிந்தும் வயல் விளைந்துவிட்டால் அது முன்னையது. வேலை முடிந்தது, வீண்செலவு கூடியது. மருந்து அடித்தும் பூச்சி சாகவில்லை என்றால் பின்னையது.

முழங்காவில், விவசாயி: அதே கதைதான் எனக்கும். கபில நிறத் தத்திக்கு அடித்த மருந்து வேலை செய்யவில்லை. கம்பனிக்கு ஆங்கிலத்தில் 'த மெடிசின் இஸ் இன்எஃபிகசி' என்று எழுதலாமா?

எழுத வேண்டாம் அண்ணை. அது பெயர்ச்சொல். 'இஸ்' போட்டால் பின்னால் 'இன்எஃபெக்டிவ்' வர வேண்டும். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'த இன்எஃபிகசி ஆஃப் த இன்செக்டிசைட்' என்று தொடங்கி, எந்தப் பூச்சிக்கு என்பதை 'அகெயின்ஸ்ட்' போட்டுச் சேருங்கள். பயிருக்கு அடிப்பதை 'மெடிசின்' என்றால் கம்பனிக்காரர் சிரிப்பார்கள். இன்னொன்று: தத்தி இருப்பது நெற்பயிரின் அடித்தண்டில். மேலால் விசிறினால் மருந்து அங்கே போய்ச் சேராது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். கடிதத்துக்கு முன் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு பேசுங்கள். குற்றம் போத்தலில் இல்லாமலும் இருக்கலாம்.

மாங்குளம், தாதி: 'இன்எஃபெக்டிவ்னெஸ்' என்றும் எழுதுகிறார்களே, அக்கா?

பொதுப் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தங்கச்சி. மருத்துவத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். கட்டுப்பாடான பரிசோதனையில் மருந்து தரும் பலன் 'எஃபிகசி'. நாளாந்த வாழ்க்கையில் தருவது 'எஃபெக்டிவ்னெஸ்'. நோயாளி குளிசையை இடையில் நிறுத்தியதால் நோய் மாறவில்லை என்றால், மருந்தின் மேல் இன்எஃபிகசிப் பழியைப் போட முடியாது. வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் தாராளமாகப் போடலாம். வைரஸிடம் அது எடுபடாது.

ஒட்டுசுட்டான், எழுதுவினைஞர்: எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லலாமா?

மருந்து, சட்டம், திட்டம் போன்றவற்றுக்கே இந்தச் சொல் பொருந்தும். ஆளைச் சொல்ல 'இன்எஃபெக்சுவல்' இருக்கிறது. சொல்லிவிட்டு இடமாற்றம் வந்தால் என்னிடம் வராதீர்கள்.

புதுக்குடியிருப்பு, மாணவி: பன்மையும் உச்சரிப்பும் சொல்லுங்கள், ரீச்சர்.

பன்மை பெரும்பாலும் வழக்கில் இல்லை. முன்னால் 'அன்' (an) சேர்ப்பதும் அரிது. உச்சரிக்கும்போது 'எஃ' என்ற இடத்தில் அழுத்துங்கள், 'க'வில் அல்ல.