கொரிய மொழியில் ‘அல்ல’ என்று சொல்வது எப்படி? – கேள்வி பதில்

கொரிய மொழி தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ‘நான் மாணவன் அல்ல’, ‘இது காபி அல்ல’ என்று பெயர்ச்சொல்லை மறுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: கொரிய ஒலிகளைத் தமிழ் எழுத்து முழுதாகக் காட்டாது. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துகளைப் படித்துவிடுங்கள். ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

மதுரை, கல்லூரி மாணவி: அக்கா, ‘காயோ’ என்றால் போகிறேன், ‘அன் காயோ’ என்றால் போகவில்லை. அப்படியானால் ‘நான் மாணவி அல்ல’ என்பதற்கு ‘அன் ஹக்செங்’ சரியா?

தவறு. எல்லாரும் முதலில் விழும் பள்ளம் இதுதான். ‘அன்’ வினைக்கும் உரிச்சொல்லுக்கும் முன்னால் வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரவே வராது.

‘மாணவி’ என்று சொல்ல ‘ஹக்செங் இயேயோ’. இந்த ‘இயேயோ’வின் மூலவடிவம் ‘இதா’. அதற்கு எதிர்மறையாக ‘அனிதா’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. மரியாதையான பேச்சில் அது ‘அனியேயோ’ ஆகும். பெயர்ச்சொல்லுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஒட்டு வேண்டும். பெயர் மெய்யொலியில் முடிந்தால் ‘இ’, உயிரொலியில் முடிந்தால் ‘கா’.

சொனுன் ஹக்செங்-இ அனியேயோ: நான் மாணவி அல்ல.
சொனுன் உய்சா-கா அனியேயோ: நான் மருத்துவர் அல்ல.

‘அன்’ என்பதே ‘அனி’ என்ற சொல்லின் குறுக்கம்தான். வினைக்கு முன்னால் குறுகி நிற்கிறது, பெயருக்குப் பின்னால் ‘அனிதா’வாக முழு உருவத்தில் நிற்கிறது. இப்படி நினைவில் வைத்தால் குழம்பாது.

ஸ்ரீபெரும்புதூர், கொரிய ஆலையில் வேலை: மேனேஜர் ஏதோ கேட்டார், ‘அனியா’ என்றேன். முகம் மாறிவிட்டது. நாடகத்தில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?

நாடகத்தில் நண்பனிடம் பேசுகிறார்கள், தம்பி. ‘அனியா’ என்பது ‘இல்லடா’ மாதிரி. மேலதிகாரியிடம் ‘அனிம்னிதா’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு ‘அனியேயோ’ போதும். நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றியே கேட்கும்போது ‘அனிசேயோ?’ வரும்: ‘சொன்செங்னிமி அனிசேயோ?’, அதாவது ‘நீங்கள் ஆசிரியர்தானே?’.

சேலம், வங்கி ஊழியர்: ‘ஒப்சொயோ’ என்றாலும் இல்லை, ‘அனியேயோ’ என்றாலும் இல்லை. எதை எப்போது சொல்வது?

இன்றைக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி. பாடப்புத்தகங்கள் ஆங்கில வழியில் விளக்கப் போய் நம் ஆட்களைக் குழப்புகின்றன. தமிழ் வழியே போனால் நேர்வழி.

எழுத்துத் தமிழில் ‘அல்ல’ வேறு, ‘இல்லை’ வேறு. ஒன்று ‘அது இது கிடையாது’ என்று அடையாளத்தை மறுக்கிறது. மற்றது ஒரு பொருள் இருப்பதையே மறுக்கிறது. கொரிய மொழியும் அதே கோட்டைத்தான் போடுகிறது: அல்ல என்றால் அனிதா, இல்லை என்றால் ஒப்தா (‘ஒப்சொயோ’வின் மூலவடிவம்).

கடைக்காரரிடம் தண்ணீர் கேட்கிறீர்கள். தீர்ந்துவிட்டது என்றால் ‘முரி ஒப்சொயோ’ என்பார். ‘முல்’ தண்ணீர், ‘இ’ சேர்ந்தால் ‘முரி’. மேசையில் நிறமில்லாத எதுவோ இருக்கும் பாட்டிலை நீங்கள் எடுக்கப் போனால் ‘முரி அனியேயோ’ என்று தடுப்பார். அது தண்ணீர் அல்ல, சோஜூ என்ற மது. முன்னால் இருக்கும் ‘முரி’ இரண்டிலும் ஒன்றுதான், வினைமுற்றுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

வாக்கியத்தை மனதில் எழுத்துத் தமிழில் போடுங்கள். ‘அல்ல’ பொருந்தினால் அனியேயோ. ‘இல்லை’ மட்டுமே பொருந்தினால் ஒப்சொயோ.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: ‘நான் மாணவன் அல்ல’ என்பதே பிழை. ‘அல்லேன்’ என்று எழுத வேண்டும். ‘அல்ல’ அஃறிணைப் பன்மைக்கு உரியது. பிழையான தமிழை வைத்துக் கொரிய மொழி கற்பிக்கலாமா?

ஐயா, மரபிலக்கணப்படி நீங்கள் சொல்வதே சரி. நான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்றைய உரைநடையில் ‘அல்ல’ எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிட்டது, அந்த வழக்கைத்தான் எழுதினேன். உங்கள் பட்டியலால் இன்னொன்று தெளிவாகிறது. கொரிய ‘அனிதா’ திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. நான், நீ, அவள், அவை யாராக இருந்தாலும் ‘அனியேயோ’தான். கேட்பவருக்கும் பேசப்படுபவருக்கும் தரும் மரியாதைதான் ஈற்றை மாற்றும்.

சென்னை, ஐடி ஊழியர்: வீட்டில் யார் ‘அல்ல’ என்று பேசுகிறார்கள்? ‘நான் டாக்டர் இல்ல’, ‘காசு இல்ல’ எல்லாம் ‘இல்ல’தான். உங்கள் வழி பேச்சுத்தமிழ்க்காரனுக்கு உதவாது.

பேச்சில் ‘இல்ல’ இரண்டு வேலையையும் பார்க்கிறது, உண்மை. ஆனால் நீங்கள் பத்திரிகை படிக்கிறீர்கள், அதில் ‘அல்ல’ வந்தால் தடுமாறுவதில்லை. அந்த அறிவு உள்ளே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்கிறேன். அதுவும் ஒத்துவரவில்லையா? ‘கிடையாது’வை விட்டுவிடுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் ஓடும். பதிலாக ‘இருக்கு’ என்று மாற்றிப் பாருங்கள். ‘காசு இருக்கு’ சரியாக வருகிறது, ஆகவே ஒப்தா. ‘நான் டாக்டர் இருக்கு’ வராது, ஆகவே அனிதா.

பாலக்காடு, செவிலியர்: மலையாளத்தில் பேச்சிலேயே ‘அல்ல’, ‘இல்ல’ தனித்தனிதானே? அதனால்தான் எனக்கு இது சுலபமாக இருந்ததோ?

அதனால்தான். தெலுங்குக்காரர்களுக்கும் ‘காது’, ‘லேது’ இருப்பதால் சீக்கிரம் பிடிபடும். சென்னை நண்பருக்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

திருச்சி: அப்படியானால் கொரிய மொழி தமிழிலிருந்து வந்தது உறுதிதானே?

இல்லை. 1905-ல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மதப்பணியாளர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. இரண்டு மொழிகள் ஒரே மாதிரி வேறுபாடு காட்டுவது உறவுக்குச் சான்றாகாது. கற்க உதவுகிறது, எனக்கு அது போதும். இதை இங்கே தொடர வேண்டாம்.

கோவை: ‘அன் உய்சா’ என்று சொல்லலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: ‘கோங்பு அன் ஹேயோ’ என்கிறார்களே, கோங்பு பெயர்ச்சொல் அல்லவா?

பெயர்ச்சொல்தான். ‘அன்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: ‘ஹேயோ’வுக்கு முன்னால். படிப்பை அது மறுக்கவில்லை, செய்வதை மறுக்கிறது.

டோபிக் (கொரிய மொழித் திறன்) தேர்வுக்குப் படிப்பவர்: கொரியர்கள் ‘ஹக்செங் அனியேயோ’ என்று ஒட்டில்லாமல் பேசுகிறார்கள். நானும் விடலாமா?

பேச்சில் விடலாம், இயல்பாகவே இருக்கும். டோபிக் இரண்டாம் பிரிவில் எழுத்துப் பகுதி உண்டு, அங்கே விடாதீர்கள். ‘இ’யின் இடத்தில் ‘உன்’ போட்டு ‘ஹக்செங்-உன் அனியேயோ’ என்றால் சாயல் மாறும். ‘மாணவன் என்று சொல்ல முடியாது, ஆனால்...’ என்று பேச்சு தொக்கி நிற்கும், கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். தொடக்கத்தில் ‘இ’, ‘கா’ இரண்டையும் வாயில் பழக்குங்கள். விடுவது பிறகு தானாக வரும்.

நாகர்கோவில்: படிவத்தில் ‘அனியோ’ என்பதற்கு இரண்டு எழுத்துக்கூட்டல் பார்த்தேன்.

‘இல்லை’ என்று பதில் சொல்லும் சொல் ‘யோ’வில் முடியும். ‘ஓ’வில் முடிவது பழைய பாணி வினைமுற்று. அதேபோல் ‘அனியேயோ’வின் நடுவில் ‘எ’ எழுத்துதான் எழுத வேண்டும், ‘யெ’ அல்ல. கொரியர்களே இதில் தவறுகிறார்கள். இதெல்லாம் ஹங்குலில் பார்த்தால்தான் புரியும்.

விழுப்புரம்: ‘அன் சிங்கு’ என்றால் நண்பன் அல்ல என்று...

சிங்கு-கா அனியேயோ. பெயருக்கு முன்னால் ‘அன்’ வராது.

சியோலுக்குப் படிக்கப் போகும் மாணவர்: ‘காபி வேண்டாம், தண்ணீர் கொடுங்கள்’ என்பதற்கும் அனிதாதானா?

இங்கே இல்லை. ‘காபி அல்ல, தண்ணீர்’ என்று செய்தி சொல்லும்போது ‘கொப்பி-கா அனிரா முரியேயோ’. ஒன்றைக் கேட்கும்போது ‘மல்கோ’ வரும்: ‘கொப்பி மல்கோ முல் சுசேயோ’. ‘மல்கோ’வுக்கு முன்னால் ‘இ’யும் வேண்டாம், ‘கா’வும் வேண்டாம். கடையில் விரலால் காட்டி ‘இகோ மல்கோ சொகோ சுசேயோ’ என்றால் ‘இது வேண்டாம், அதைக் கொடுங்கள்’. முதல் வாரமே தேவைப்படும், மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுங்கள்.