ஷாஸ்போ இருந்தும் ஏன் தோற்றார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்ஸும் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மன் நாடுகளும் மோதிய 1870 போரில் பிரெஞ்சுக்காரர்களின் ஷாஸ்போ துப்பாக்கி, பிரஷ்யர்களின் ட்ரைஸேயைவிட எவ்வளவோ மேல் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் போர் தொடங்கி ஏழு வாரத்துக்குள் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் எப்படிப் பிடிபட்டார்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கியைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. இரண்டுமே காகிதத் தோட்டாவைப் பின்பக்கம் செருகிச் சுடும் ஊசித் துப்பாக்கிகள். ட்ரைஸேயில் பற்றவைக்கும் மருந்து குண்டின் அடியில் இருக்கும். ஊசி வெடிமருந்து முழுவதையும் துளைத்துக்கொண்டு போய் அதைத் தட்ட வேண்டும். நெருப்புக்குள்ளேயே நிற்பதால் ஊசி கருகி ஒடியும். பூட்டு இடுக்கில் சூடான புகை கசியும். அதற்குப் பயந்து கன்னத்தில் அணைக்காமல் இடுப்பில் வைத்துச் சுட்டவர்கள் உண்டு. ஷாஸ்போவில் அந்த மருந்து தோட்டாவின் பின்முனையில். கசிவை அடைக்க ஒரு ரப்பர் வளையம். சுடச்சுட வளையம் கெட்டுவிடும், மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் குறிகாட்டி 1,200 மீட்டர் வரை போகும். ட்ரைஸே 600 மீட்டரைத் தாண்டினால் பயனில்லை.

அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு ஆகஸ்ட் 18 அன்று பிரெஞ்சுக் கோட்டை நகரான மெட்ஸுக்கு மேற்கே நடந்த சான் பிரிவா சண்டையைப் பாருங்கள். பிரஷ்யர்களோடு சேர்ந்து போரிட்ட சாக்சன் படை வடக்கே சுற்றி வருவதற்குள், தேர்ந்தெடுத்த வீரர்களைக் கொண்ட பிரஷ்யக் காவல்படை மாலையில் நேராகவே ஏறியது. ஒதுங்க மரமோ பள்ளமோ இல்லாத சரிவு. தங்கள் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள். அன்று அந்தப் படையில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 8,000 பேர்.

ஆனாலும் இருட்டுவதற்குள் ஊர் விழுந்தது. வீழ்த்தியது பீரங்கி. பிரஷ்யர்களிடம் இருந்த, க்ருப் ஆலை செய்த எஃகுப் பீரங்கியில் பின்வாய் வழியாகக் குண்டேற்றலாம், குண்டு தரையில் மோதியதும் வெடிக்கும். பிரெஞ்சுப் பீரங்கி வெண்கலம், முன்வாய் வழியாகக் குண்டேற்றுவது. அதன் குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரத் திரி, அதாவது குறித்த நேரம் கழித்து வெடிக்க வைக்கும் திரி. அதையும் இரண்டே தூரங்களுக்குத்தான் வைக்க முடியும். எதிரி அந்த இரண்டுக்கும் இடையில் நின்றால், குண்டு ஒன்று ஆகாயத்தில் வெடிக்கும், இல்லையென்றால் மண்ணில் புதைந்த பிறகு வெடிக்கும்.

சான் பிரிவாவைக் காத்த பிரெஞ்சுத் தளபதி கான்ரோபெரிடம் அந்தப் பீரங்கிகளும் போதவில்லை. ரயில் பாதை துண்டிக்கப்பட்டதால் அவர் படையின் பீரங்கிகளில் ஒரு பகுதியும் மண்வெட்டி, கடப்பாரை வகையறாவும் ஷாலோன் முகாமிலேயே தங்கிவிட்டன. அதனால் ஒழுங்கான பதுங்குகுழிகூட வெட்ட முடியவில்லை. தலைமைத் தளபதி பஸேன் பின்னால் இருந்தார், கையில் பேரரசின் காவல்படை முழுசாக இருந்தது. அதை உரிய நேரத்தில் அனுப்பவில்லை. அன்றைய தோல்வியில் பெரும்பங்கு அவருடையது என்பதே என் முடிவு. ஜெர்மானியர் இழப்பு சுமார் 20,000, பிரெஞ்சு இழப்பு சுமார் 12,000. அப்படியிருந்தும் மெட்ஸ் கோட்டைக்குள் ஒதுங்கியவர் அவர்தான்.

பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மித்ரயேஸ் என்னும் பலகுழல் துப்பாக்கி ஏன் உதவவில்லை என்றும் சிலர் கேட்பார்கள். 25 குழல் கொண்ட அந்த இயந்திரத்தைக் காலாட்படையோடு நிறுத்தாமல் பீரங்கி மாதிரி தூரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பல இடங்களில் க்ருப் பீரங்கிகள் அவற்றைத் தேடி அடித்தன.

இனி உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில். மெட்ஸில் அடைபட்ட பஸேனை மீட்கக் கிளம்பிய இன்னொரு பிரெஞ்சுத் தளபதி மக்-மஹோனின் படையோடுதான் பேரரசரும் போனார். செப்டம்பர் 1 அன்று செடானில் அவர்களைச் சுற்றியிருந்த மேடுகளில் ஜெர்மன் பீரங்கிகள் ஏறி நின்றன, பெரும்பாலும் ஷாஸ்போ எட்டாத தூரத்தில். மறுநாள் பேரரசர் சரணடைந்தார்.