மாடியில் கொதிக்கிறது, கீழே பச்சைத் தண்ணீர்: சோலார் ஹீட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்து 6 வருடம் ஆகிறது. மாடி பாத்ரூமில் கை வைக்க முடியாத சூடு. கீழே அம்மையின் பாத்ரூமில் மட்டும் இரண்டு மாதமாகப் பச்சைத் தண்ணீர். வேகம் குறையவில்லை, சூடுதான் இல்லை. அதே பாத்ரூமில் இருக்கும் வாஷ்பேசினிலும் இப்படித்தான். அம்மை உட்கார்ந்து குளிக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்போதுதான் மிக்சரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) விசை வைத்த கைஷவர் மாட்டினோம். பார்க்க வந்த பிளம்பர், டியூப் எல்லாம் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

வாங்க வேண்டாம். இரண்டு பாத்ரூமுக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் வெந்நீர் இறங்குகிறது. மாடியில் கொதிக்கிறது என்றால் டேங்கும் டியூபும் தங்கள் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். கோளாறு வழியில் இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் பெரிய பணத்தைச் செலவழிக்கக் கூடாது.

டியூப் சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கண்ணாடி டியூபின் அடிமுனையிலும் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு இருக்கும். டியூபின் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவில் காற்று புகுந்துவிட்டால் அந்த இடம் பால் ஊற்றினதுபோல வெளுத்துவிடும். வெளுத்தது ஒன்றோ இரண்டோ இருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

இனி உங்கள் கைஷவருக்கு வருகிறேன். குளித்து முடித்ததும் எதை மூடுகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் கையில் இருக்கும் விசையை மட்டும் விட்டுவிட்டு, சுவரில் உள்ள மிக்சரின் இரண்டு திருகுகளையும் திறந்தபடியே வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் நின்றுவிடுவதால் எல்லாம் மூடியிருப்பதுபோலத் தெரியும். ஆனால் மிக்சருக்குள் சூடான குழாயும் குளிர்ந்த குழாயும் ஒன்றோடொன்று சேர்ந்தே கிடக்கின்றன. குளிர்ந்த தண்ணீரின் அழுத்தம் சற்று அதிகமாக இருந்தால், அது மெல்ல வெந்நீர்க் குழாய்க்குள் புகும். அப்புறம் வாஷ்பேசினில் வெந்நீரைத் திறந்தால், மொட்டை மாடியிலிருந்து வர வேண்டிய தண்ணீருக்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் இந்தக் குறுக்குவழியில் பச்சைத் தண்ணீர் வந்து சேர்கிறது. வேகம் குறையாமல் சூடு மட்டும் இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உறுதி செய்ய ஒரு சோதனை. மிக்சரின் திருகுகளை வழக்கம்போலத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். சோலார் டேங்கிலிருந்து வெந்நீர் இறங்கும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள். கீழே வந்து வாஷ்பேசினின் வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். 20 மீட்டர் நீள முக்கால் இஞ்சுக் குழாய் என்றால் ஐந்தாறு லிட்டர் இருக்கும். அது தீர்ந்து நின்றுவிட்டால் கலப்பு இல்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வெந்நீர்க் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் எங்கிருந்தோ புகுகிறது. அப்போது கைஷவர் மிக்சரின் இரண்டு திருகுகளையும் முழுக்க மூடிப் பாருங்கள். உடனே நின்றால் ஆள் கிடைத்தாயிற்று. நிற்காவிட்டால் மிக்சரின் உள்பாகம் தேய்ந்திருக்கும், அல்லது வேறொரு மிக்சரில் கலக்கிறது. ஒவ்வொன்றாக ஆங்கிள் காக்கை (சுவரில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள சின்ன வால்வு) மூடிக்கொண்டே வந்தால் பிடிபடும்.

மூடும்போது வால்வு மாறிவிடக் கூடாது. டேங்குக்குள் பச்சைத் தண்ணீர் வரும் வால்வைத் தெரியாமல் மூடிவிட்டு டேங்கைக் காய விடாதீர்கள். வெயிலில் தண்ணீரில்லாத டியூபுக்குள் சூடு 200 டிகிரியைத் தாண்டும், அதில் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும். அப்படிக் காய்ந்துவிட்டால் இருட்டின பிறகோ விடியற்காலையிலோதான் நிரப்ப வேண்டும்.

பரிகாரம் சிக்கனமானது. குளித்ததும் மிக்சரின் இரண்டு திருகுகளையும் மூடும் பழக்கம் ஒன்றே போதும். வயதானவர் மறந்துவிடுவார் என்று தோன்றினால், மிக்சருக்குப் போகும் இரண்டு குழாயிலும் ஒவ்வொரு நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடச் சொல்லுங்கள். நான் அதைத்தான் செய்வேன். அம்மையிடம் தினமும் இதை ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பது நல்லதல்ல.

தண்ணீர் சரியாக வராமல், பொருமிப் பொருமி விட்டு விட்டு வருகிறது என்று சொல்பவர்களுக்கு வேறு விஷயம்: குழாயில் காற்று அடைத்திருக்கிறது. வெந்நீர்க் குழாய் கைப்பிடிச் சுவர் மேலேறி இறங்கும் இடத்தில் காற்று தங்கிவிடும். அந்த மேட்டில் காற்றுப்போக்கி வைக்க வேண்டும், முடிந்தால் குழாயைச் சரிவாக மாற்ற வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் உப்புப் படிவையும் பார்க்க வேண்டும். சூடான தண்ணீரில் சுண்ணாம்பு வேகமாகப் படியும்.

சரிசெய்த அன்றைக்குக் கவனம் தேவை. இரண்டு மாதமாகப் பச்சைத் தண்ணீர் வந்த குழாயில் அன்று 60, 70 டிகிரி வெந்நீர் வரலாம். அம்மை பழைய நினைப்பில் நேராகக் கையை நீட்டிவிடக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்து, அதன்மேல் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு அவரைக் குளிக்க விடுங்கள்.