தீர்ப்பு வந்த பிறகும் காவிரித் தண்ணீருக்கு ஏன் வருஷா வருஷம் சண்டை?

திருநள்ளாறு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. காரைக்கால், அதாவது புதுச்சேரி. காவிரி வழக்கில் நாங்களும் ஒரு கட்சி என்பதே பலருக்குத் தெரியாது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) பங்கு வைத்தபோது எங்களுக்கு 7 கிடைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் 419ஐ 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் 270ஐ 284.75 ஆக உயர்த்தியது. எங்கள் ஏழில் கை வைக்கவில்லை, புண்ணியம்.

டிவியில் விவாதம் எல்லாம் வருஷக் கணக்கில்தான் நடக்கும். கர்நாடகம் விடும் தண்ணீரைத் தமிழ்நாட்டு எல்லையில் அளக்கிற பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி வந்ததா, வரவில்லையா என்று. நாற்றுக்கு வருஷக் கணக்கு எதற்கு? அதற்கு இந்த வாரம் தண்ணீர் வேண்டும். மாதவாரி அட்டவணை என்று ஒன்று இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. சண்டை முழுக்க இந்த நாலு மாதத்தில்தான்.

நல்ல மழை வருஷத்தில் அந்த அட்டவணையை யாரும் தேடுவதில்லை. கர்நாடகத்தின் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பிவிட்டால் கேட்காமலே திறந்துவிடுவார்கள், அணை தாங்காதே. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளே உடைந்துபோயின. குடகிலும் வயநாட்டிலும் மழை ஏமாற்றும் வருஷம்தான் வினை. பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. எத்தனை சதவீதம் குறைவு, எந்தத் தேதி வரைக்கும் கணக்கு, குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று காவிரி ஒழுங்காற்றுக் குழுவும் காவிரி மேலாண்மை ஆணையமும் கூடிக் கூடிப் பேசும். அதற்குள் வயல் வெடித்துவிடும். 2023இல் ஜூன் 12ஆம் தேதி முறைப்படி திறந்த மேட்டூரை அக்டோபரில் மூடினார்கள். சம்பாவுக்குத் தண்ணீர் தேவைப்படுகிற நேரம் அது.

எங்கள் கதை இன்னும் ஒரு படி கீழே. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு எல்லாமே தமிழ்நாட்டு வயல்களைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்க ஆளும் கருவியும் உண்டு. எங்கள் எல்லையில் எவ்வளவு வந்தது என்று எந்தச் சேனல் கேட்கிறது?

கும்பகோணம் பக்கம் அரசலாற்றுப் பாசனத்தில் என் மச்சானுக்கு நிலம். கர்நாடகம் தண்ணீர் தராததைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் அவருக்கு. ஒரு வறட்சி வருஷத்தில், "உங்க வாய்க்கால் ஷட்டரை ரெண்டு நாள் இறக்கச் சொல்லுங்க மச்சான், எங்க நாத்து பொழைச்சிடும்" என்று கேட்டேன்.

"மொதல்ல எங்களுக்கு நனையட்டும் மாப்ள, மிச்சம் இருந்தா வராமலா போகும்?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வயலிலும் அன்று புழுதிதான். மாண்டியா விவசாயியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், கன்னடத்தில். கடைமடைக்காரனுக்கு முறை வருவதற்குள் ஆற்றில் மணல் தெரியும்.

அந்த வருஷத்திலிருந்து நாங்கள் நாற்றங்கால் விடுவதில்லை. ஆடி மழை ஈரத்தைப் பார்த்து நேரடி விதைப்புதான். ஐப்பசி மழை கொடுத்தால் உண்டு.