புதுப் பெயின்டில் சுழல் கோடுகள்: முதலில் பொறுங்க, பிறகு பொலிஷ்

மூன்று வாரத்துக்கு முன் நுவரெலியாவில் கறுப்பு அடித்த காரில், வெயில் பட்டதும் வட்டக் கோடுகள் தெரிவதாகக் கேட்டிருக்கிறீங்க. பெரும்பாலும் அது பெயின்டின் குறை இல்லை. ரோட்டரி மெசினில் (ஒரே மையத்தில் சுழலும் பொலிஷ் மெசின்) கம்பளிப் பேட் ஓட்டிவிட்டு, ஃபோம் பேடால் முடிக்காமல் விட்ட அடையாளம்.

இப்போதே தேய்க்காதீங்க. டூ-கே கிளியர் கோட் (ஹார்ட்னர் கலந்து நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு) குளிரில் மெதுவாகத்தான் இறுகும். சூட்டறையில் காய வைக்காத வேலை என்றால், அந்தக் குளிருக்கு இரண்டு மாதமாவது விடுங்க. மறைவான ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. இன்னும் இறுகாத கிளியர் கோட்டைத் தேய்த்தால் சுழல் கோடுகள் போன மாதிரி இருக்கும். உள்ளே மிஞ்சிய தின்னர் வெளியேறி கோட் சுருங்கும்போது அந்தக் கோடுகள் திரும்ப வரும். அதுவரை வெக்ஸ், செராமிக் கோட்டிங் எதுவும் வேண்டாம்.

பிறகு டீஏ மெசின் (சுழன்றபடியே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் பொலிஷ் மெசின்), மெத்தென்ற ஃபோம் பேட், நைசான ஃபினிஷிங் பொலிஷ் எடுங்க. கரடுமுரடாக அரைக்கும் கட்டிங் கொம்பவுண்டில் தொடங்கவே வேண்டாம். பொனட்டில் இரண்டடிச் சதுரம் மட்டும் முதலில்: பட்டாணி அளவில் நாலு சொட்டு, ஸ்பீட் 4, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை, மெதுவாக. விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. அங்கேதான் கோட் மெல்லிசு, சீக்கிரம் அடிநிறம் தெரிந்துவிடும்.

துடைத்த பின், ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹோலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இன்னொரு தடவை துடைங்க. பொலிஷின் எண்ணெய்ப் பசைக்குள் ஒளிந்த கோடு அப்போதுதான் வெளிப்படும். மூடுபனி வெளிச்சத்தை நம்பாமல் டோர்ச் அடித்துப் பாருங்க.