கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கடை வைத்தால் பெயர்ப்பலகை பிரெஞ்சில்தான் இருக்க வேண்டுமா? 'மொழிப் போலீஸ்' என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது போலீஸ் இல்லை. கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் என்பது அதன் பெயர். 1961இல் தொடங்கிய அந்த அலுவலகத்தின் கை, 1977இல் வந்த 101ஆம் சட்டம் என்ற பிரெஞ்சு மொழிச் சட்டத்தோடு ஓங்கியது. பலகையில் தமிழ் இருக்கலாம், ஆங்கிலமும் இருக்கலாம். ஆனால் பிரெஞ்சு இருந்தே ஆக வேண்டும், அதுவும் மற்ற மொழிகளைப் போல இரண்டு மடங்கு இடத்தில். 2025 ஜூன் 1 முதல் வேறு மொழியில் உள்ள கடைப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கும் அந்தக் கணக்குத்தான்.

நீங்கள் கடை எடுத்துவிட்டு, பலகைக்கு இன்னும் ஆர்டர் கொடுக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் என் கதையையும் கேளுங்கள்.

நான் 1991இல் மொன்றியலுக்கு வந்தவன். 2006இல் சிறிய மளிகைக்கடை போட்டேன். பலகையில் மேலே தமிழ், நடுவில் ஆங்கிலம், அடியில் ஒரு சாண் நீளத்தில் பிரெஞ்சு. எங்கள் சனம்தானே வரப்போகிறது என்று நினைத்தேன். யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் கடிதம் வந்தது. அதைக் கண்டதும் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

ஏன் நடுங்கியது என்று சொல்ல வேண்டும். என் அப்பா இலங்கையில் அரசாங்க எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சையில் தேறாதவருக்குச் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். அப்பா எழுதவில்லை. அதே போலச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் வழக்குப் போட்டு, அது அப்போது இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்த வழக்கைப் பற்றி அப்பா சாப்பாட்டு நேரத்தில் கதைத்ததைக் கேட்டு வளர்ந்தவன் நான். மொழிச் சட்டம் என்று எந்த அரசாங்கம் கடிதம் போட்டாலும் எனக்கு அப்பாவின் முகம்தான் வரும்.

பிறகு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். 'போன்ஜூர்' சொன்னார், பலகையைப் படம் எடுத்தார், உள்ளே வந்து மரக்கறிப் பெட்டிகளைப் பார்த்தார். நான் அட்டையில் 'பாவற்காய்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குத்தியிருந்தேன். இதிலும் பிரெஞ்சு வேண்டும் என்றார். பாவற்காய்க்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியாது என்றேன். அந்த அலுவலகமே இணையத்தில் பெரிய கலைச்சொல் அகராதி வைத்திருக்கிறது, இலவசம், அதில் பாருங்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அன்றிரவு என் மகள் தேடி எடுத்தாள்: 'மார்கோஸ்'. அவள்தான் எல்லா அட்டைகளையும் திரும்ப எழுதினாள். மின்னஞ்சலுக்கு 'கூரியல்' என்ற பிரெஞ்சுச் சொல் கியூபெக்கில்தான் பரவியது, பிரான்ஸ் பிறகுதான் எடுத்துக்கொண்டது என்று அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தினாள். தண்டம் எதுவும் கட்டவில்லை. பலகையை மாற்றத் தவணை தந்தார்கள், மாற்றினேன்.

இப்போது சிலர் கீழே வந்து, 'தமிழனாக இருந்துகொண்டு மொழித்திணிப்புக்கு வக்காலத்தா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அப்பா இருந்தது அவருடைய சொந்த மண்ணில், அவருடைய மொழி அங்கே நேற்று வந்ததில்லை. நான் இங்கே அடைக்கலம் தேடி வந்தவன். கியூபெக்கில் எண்பது லட்சத்துக்கு மேல் சனம், சுற்றிவர முப்பது கோடிக்கு மேல் ஆங்கிலம். அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. பரம்பரையாக இங்கே வாழும் ஆங்கிலக்காரருக்கு வேறு நியாயம் இருக்கும், அதை அவர்கள் சொல்லட்டும். அலுவலகம் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 2013இல் ஓர் இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் 'பாஸ்தா' என்று இருந்ததற்கே கடிதம் போட்டு, ஊரெல்லாம் கொதித்தபின் அளவு மீறிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார்கள். தலைவர் பதவி விலகினார். ஆகவே தோசையைத் தோசை என்றே எழுதுங்கள், பயப்பட வேண்டாம்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது வேறு விஷயத்தில். புதுப் பலகை செய்யக் கொடுத்த இடத்தில் முற்பணம் வாங்கிக்கொண்டு, பிரெஞ்சு வரியை ஒரு பிழை இல்லாமல் அடித்துத் தந்தார்கள். தமிழ் வரியில் 'பொருட்கள்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், 'ப' ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். ஏணியில் நின்று பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. 'கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது அண்ணை, எங்கள் ஆட்களுக்கு விளங்கும்தானே' என்றான் அந்தத் தம்பி. தமிழ்ப் பிள்ளை! மிளகாய்த்தூள் பைக்கட்டைப் பாருங்கள், கலியாண அட்டையைப் பாருங்கள், எல்லாவற்றிலும் இதே கதி. பிரெஞ்சு சிறிதாக இருந்ததற்கு எனக்குக் கடிதம் வந்தது. தமிழ் எழுத்து இப்படி உடைந்து தொங்கினதை ஒரு வாடிக்கையாளர்கூட வந்து சொல்லவில்லை. இரண்டாம் தரமும் காசு கொடுத்து வேறு இடத்தில் செய்வித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் என்ன கடை என்பதைப் பிரெஞ்சில் பெரிதாகப் போடுங்கள், மளிகை என்றால் 'எபிஸெரி'. மற்ற மொழிகளுக்கு விட்ட இடத்தை நாடா பிடித்து அளந்து பாருங்கள். தமிழ் வரியின் மாதிரிப் படியை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கடிதம் வந்தால் லாச்சிக்குள் வைத்து மறந்துவிட வேண்டாம். 101ஆம் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நிறுவனத்துக்குத் தண்டம் 3,000 டொலரில் தொடங்கி 30,000 வரை போகிறது. பிரெஞ்சில் பதில் எழுத வராவிட்டால் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.